மரத்துக்குச் சட்டை கேட்ட பிள்ளை

கேள்வி: நான் எங்கள் வட்டாரத்து நாட்டுப்புறப் பாடல் குழு ஒன்றில் பாடுகிறேன். இலையுதிர்ந்து நின்ற ரப்பர் மரங்களைப் பார்த்து, என் மூன்று வயது மகள், "அம்மா, மரத்துக்குச் சட்டை இல்லையே, குளிராதா?" என்று கேட்டாள். அன்றிரவு அவளைத் தூங்க வைக்கும்போது, "மரத்துக்குச் சட்டையில்ல, மகளே குளிராதோ, பாலக் கொடுத்தமரம் பாவம் நடுங்காதோ" என்று பாடினேன். ஆனால், யார் இயற்றியது என்று தெரியாத பழம்பாடல்தான் நாட்டுப்புறப் பாடல் என்று சொல்லி, இதை மேடையில் பாட எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் மறுத்துவிட்டார். அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: சரியில்லை, சகோதரி. பழம்பாடல்களையும் யாரோ ஒருவர்தாம் முதலில் பாடினார். வாய்மாறி வாய்மாறி வந்ததில் அவர் பெயர் உதிர்ந்தது, அவ்வளவுதான். யார் அடித்து அழுதாய், மாமன் மல்லிகைச் செண்டால் அடித்தானா என்று பிள்ளையைக் கேட்கும் தாலாட்டை நாம் அனைவரும் அறிவோம். அதில் ஒவ்வொரு தாயும் தன் அண்ணன் தம்பியின் பெயரையும் ஊரையும், அவர்கள் கொண்டுவந்த சீரையும் சேர்த்துக்கொண்டுதான் பாடினாள். அச்சு ஊருடையது, அதில் வார்த்தது அவளவள் பிள்ளையை. ஏட்டிலக்கியமும் இதை விலக்கி வைக்கவில்லை: பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதான தாலப்பருவம், வீட்டுத் தொட்டிலிலிருந்து புலவர்கள் எடுத்துக்கொண்டதே.

உங்கள் பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் "பால்". மரத்தில் வடிவதற்கும் தாயிடம் சுரப்பதற்கும் தோட்டத்து மக்கள் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், விடியுமுன் பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிய பெண்களுக்கு, ஒரு பாலுக்காக மறுபாலைத் தள்ளிவைக்கும் நிலை நாள்தோறும் இருந்தது. இலையுதிரும் காலத்தில் மரத்தில் பால் குறையும், கூடவே கூலியும் குறையும். பெரியவர்கள் அந்த மொட்டை மரத்தில் குறைந்த கூலியைப் பார்த்தார்கள். உங்கள் மகளோ மரத்தின் குளிரைப் பார்த்திருக்கிறாள். இது அந்த மண்ணின் பாட்டு இல்லையென்றால் வேறு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். முதல் அடி பிள்ளையின் வாயிலிருந்து அப்படியே வந்தது. இரண்டாம் அடியில் வரும் "பாவம்" பெரியவர்களின் சொல். அவள் மரத்தைப் பார்த்து இரங்கவில்லை, குளிருமா என்றுதான் கேட்டாள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "பாலக் கொடுத்தமரம் பனியில் நடுங்காதோ" என்று பாடிப் பாருங்கள், மோனையும் கெடாது.

இன்னொன்று, இப்போது பல வீடுகளில் இருக்கும் ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழுமாகத் துள்ளும். தாலாட்டின் இழுவையோ பக்கவாட்டில் ஆடும் சேலைத் தொட்டிலின் வீச்சோடு பிறந்தது: தொட்டில் போகும்போது ஓர் அரையடி, திரும்பும்போது மறு அரையடி. மேடைக்காக வேகத்தைக் கூட்டச் சொன்னால் இணங்காதீர்கள். மேளம் இல்லாமல், அந்த வீச்சின் அளவிலேயே பாடுங்கள்.

மூன்றாவது அடியை இப்போதே எழுத வேண்டாம். புதுத் தளிர் வந்ததும் மகளை அதே மரத்தடிக்கு அழைத்துச் சென்று, அவள் என்ன கேட்கிறாள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.