தத்தித் தத்தி ஓடும் படம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்டிஎஸ்சி (NTSC, விநாடிக்கு 29.97 படம் ஓடும் டிவி முறை) கேமராவில் எடுத்த பழைய டிஜிட்டல் வீடியோ (DV) டேப்பைக் கணினியில் ஏற்றி, பால் (PAL, விநாடிக்கு 25 படம் ஓடும் டிவி முறை) டிவிடியாக மாற்றினேன். ஆட்கள் நடக்கும்போதும் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதும் படம் விட்டு விட்டு இழுக்கிறது. மாற்றுவதற்கு முன் சீராகத்தான் ஓடியது. தவறு எங்கே?

பதில்: விநாடிக்கு 29.97 ஃபிரேமை (தனித்தனிப் படத்தை) 25 ஆக்கச் சொன்னால், பல மென்பொருள்கள் சோம்பேறி வழியைப் பிடித்துக்கொள்கின்றன: ஆறு ஃபிரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும். ஒருவர் ஃபிரேமுக்கு 12 பிக்சல் வீதம் நகர்கிறார் என்று வையுங்கள். மாற்றிய படத்தில் அவர் 12, 12, 12, 12, 24 என்று நகர்வார். விநாடிக்கு ஐந்து முறை இந்த 24 வந்தால் கண் விடாது. உங்கள் கோப்பிலேயே இதைப் பார்க்கலாம். பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் ஒரு கம்பத்தையோ கதவு விளிம்பையோ குறிவைத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஐந்து நகர்வுக்கு ஒரு முறை அது எகிறிக் குதித்தால் நோய் இதுதான்.

டேப்பில் இருப்பது உண்மையில் 29.97 படங்கள் அல்ல, 59.94 ஃபீல்டுகள், அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரி கொண்ட அரைப் படங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டை வரிகள் வேறொரு கணத்தையும் காட்டுகின்றன. ஃபிரேமை விட்டுவிட்டு ஃபீல்டைக் கையாண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏவிஐசிந்த் (AviSynth) என்ற வீடியோ மென்பொருள் வைத்திருந்தால் வேலை இப்படிப் போகும்.

முதலில் ஃபீல்டு வரிசையை, அதாவது மேல் ஃபீல்டு (ஒற்றை வரிகள்) முதலில் வருகிறதா, கீழ் ஃபீல்டு (இரட்டை வரிகள்) முதலில் வருகிறதா என்பதை, சொல்லிவிடுங்கள். DV டேப் என்றால் கீழ் ஃபீல்டு முதலில். பிறகு க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற ஃபில்டர் மூலம் ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப் படமாக்குங்கள், விநாடிக்கு 59.94 முழுப் படங்கள் கிடைக்கும். அதன் பிறகுதான் உயரத்தை 480-இலிருந்து 576 ஆக்க வேண்டும். அகலம் 720 அப்படியே இருக்கட்டும். இந்த வரிசை மாறக் கூடாது. இன்டர்லேஸ் படத்தை, அதாவது இரண்டு ஃபீல்டு பின்னிக் கிடக்கும் படத்தை, நேரடியாகப் பெரிதாக்கினால் இரண்டு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று குழம்பிவிடும், அப்புறம் எந்த ஃபில்டரும் பிரித்துத் தராது.

அடுத்து 59.94-ஐ 50 ஆக்குவது. இதற்கு ஏவிஐசிந்தில் மூன்று வழிகள் (கட்டளைகள்) உண்டு. சேஞ்ச்-எஃப்பிஎஸ் ஆறில் ஒன்றை எறியும். முன்பு செய்ததைத்தானே இதுவும் செய்கிறது என்று கேட்பீர்கள். ஆனால் இப்போது நகர்வு 6, 6, 6, 6, 12. குதிப்பு பாதியாகிவிட்டது, படமும் கூர்மையாகவே இருக்கும். கன்வர்ட்-எஃப்பிஎஸ் பக்கத்துப் படங்களைக் கலந்து கொடுக்கும். ஓட்டம் வழுக்கும், ஆனால் நகரும் விளிம்புகளில் நிழல் விழும். எம்விடூல்ஸ் என்ற கூடுதல் தொகுப்பில் உள்ள எம்-ஃப்ளோ-எஃப்பிஎஸ் எது எங்கே நகர்கிறது என்று கணித்து இடைப்பட்ட படங்களைப் புதிதாக வரையும். நிதானமான காட்சிகளுக்கு இதற்கு நிகரில்லை. சுழலும் மின்விசிறி, குறுக்கும் நெடுக்கும் ஓடும் கால்கள், பளிச்சிடும் ஃபிளாஷ் ஆகியவற்றில் மட்டும் படம் ரப்பர் போல இழுபடும். ஆட்டம் பாட்டம் நிறைந்த டேப்புக்கு நான் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன்.

கடைசியில் மீண்டும் இன்டர்லேஸ் ஆக்க வேண்டும். முதல் படத்தின் மேல் ஃபீல்டையும் இரண்டாம் படத்தின் கீழ் ஃபீல்டையும் பின்னினால் 25 ஃபிரேம், 50 ஃபீல்டு. டிவிடிக்கான கோப்பை உருவாக்கும் என்கோடரில் இன்டர்லேஸ், மேல் ஃபீல்டு முதலில் என்று குறித்து, விநாடிக்கு 6 முதல் 8 மெகாபிட் கொடுங்கள். படத்தின் மொத்த நேரம் மாறாததால் ஒலியைத் தொடவே வேண்டாம்.

டிவிடிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் 50 பக்கமே போகாதீர்கள். க்யூடிஜிஎம்சி முடித்த 59.94 படத்தை அப்படியே எச்.264 (H.264) வடிவ வீடியோ கோப்பாக்கிவிடுங்கள். மாற்றாத படம் தத்தாது.

கேள்வி: என்டிஎஸ்சி டிவிடியில் உள்ள ஒரு திரைப்படத்தை மாற்றும்போதும் இதே முறைதானா?

பதில்: இல்லை. திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்பட்டது. அதை என்டிஎஸ்சிக்குள் அடக்க, ஒரு ஃபிரேமை இரண்டு ஃபீல்டாகவும் அடுத்ததை மூன்று ஃபீல்டாகவும் மாற்றி மாற்றி நிரப்பியிருப்பார்கள். அசைவுள்ள காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் மூன்று சுத்தமாகவும் இரண்டு சீப்புப் பல் போலவும் சுற்றிச் சுற்றி வரும். அதைக் கண்டால் டீ-இன்டர்லேஸ் (ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப் படமாக்குவது) செய்யாதீர்கள். டிஐவிடிசி ஃபில்டர் அந்தக் கூடுதல் ஃபீல்டுகளைப் பிடுங்கிவிட்டு 23.976 முழு ஃபிரேம்களைத் திருப்பித் தரும். அவற்றை 25 வேகத்தில் ஓடவிட்டால் போதும். ஒரு ஃபிரேம்கூடக் கூடாது, குறையாது. தத்தலுக்கு இடமே இல்லை. படம் 4.27 சதவீதம் வேகமாக ஓடும், இரண்டு மணி நேரப் படம் சுமார் 115 நிமிடத்தில் முடியும். ஒலியையும் அதே அளவு சுருக்குங்கள், சுருதியை மாற்றாத முறையில். வெறுமனே வேகப்படுத்தினால் பாட்டெல்லாம் ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு ஏறி ஒலிக்கும்.

கேள்வி: கணினியில் நன்றாக ஓடும் டிவிடி, டிவியில் போட்டால் அசையும் பொருள்களெல்லாம் நடுங்குகின்றன. அசையாத பின்னணி தெளிவாக இருக்கிறது.

பதில்: ஃபீல்டு வரிசை தலைகீழாகிவிட்டது. பின்னால் வரவேண்டிய ஃபீல்டு முதலில் வருவதால் பொருள் மூன்றடி முன்னே பாய்ந்து ஓரடி பின்னே வருகிறது. கணினியின் பிளேயர் இரண்டு ஃபீல்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டுவதால் அங்கே தெரியவில்லை. கீழ் ஃபீல்டு முதலில் உள்ள DV கோப்பை என்கோடரில் மேல் ஃபீல்டு என்று குறிப்பது வழக்கமான காரணம். இன்னொன்று, ஓரத்துக் கறுப்பை வெட்டும்போது மேலிருந்து ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிகளை வெட்டுவது; ஒரே ஒரு வரி போனாலும் வரிசை புரண்டுவிடும். இரண்டின் மடங்கில் மட்டும் வெட்டுங்கள். சரிதானா என்று பார்க்க, க்யூடிஜிஎம்சி கொடுத்து ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். பொருள் ஒரே திசையில் போனால் சரி.

கேள்வி: 25 ஃபிரேம் கோப்பு. எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆனாலும் கணினித் திரையில் லேசாகத் திக்குகிறது.

பதில்: கோப்பின் மேல் பழி இல்லை. திரை 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 புதுப்பிப்பில்) இருக்கும். ஐந்து ஃபிரேமுக்கு 12 புதுப்பிப்பு என்பதால் சில ஃபிரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் நிற்கின்றன. திரை அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் கிடைத்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மாற்றிய படத்தில் தொடக்கத்தில் உதடும் ஒலியும் பொருந்துகின்றன, போகப் போக விலகுகின்றன. ஏன்?

பதில்: மணிக்கு 3.6 விநாடி விலகுகிறதா என்று அளந்து பாருங்கள். அந்த அளவே வந்தால், எங்கோ ஓர் இடத்தில் 29.97 என்பதை 30 என்று போட்டிருக்கிறீர்கள்.