ஒரு வேவுப்படை அதிகாரியின் பதக்கப் பட்டியலை எப்படிப் படிப்பது?

மதுரை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் வேவுப்படையில் இருந்த ஹான்ஸ் ஃபான் லுக் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். இரும்புச் சிலுவை இரண்டு வகுப்புகள், ஜெர்மன் கிராஸ், இத்தாலிய வெள்ளிப் பதக்கம், நைட்ஸ் கிராஸ் என்று பட்டியல் நீள்கிறது. எதை எதற்காகப் பெற்றார் என்று புரியவில்லை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வேவு பார்த்ததற்காகத்தான் நைட்ஸ் கிராஸ் கிடைத்தது என்று எழுதலாமா? இன்னொன்று: இணையத்தில் 8,000 ரூபாய்க்கு ஒரு அசல் நைட்ஸ் கிராஸ் விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். வாங்காதீர்கள். போர்க்காலத்தில் ஏறக்குறைய 7,300 பேருக்குத்தான் இரும்புச் சிலுவையின் உயர் வகுப்பான நைட்ஸ் கிராஸ் வழங்கப்பட்டது. அசல் என்றால் விலை லட்சங்களில் இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு வந்தால் இதைக் கவனியுங்கள். நடுவில் கறுப்பு இரும்புத் தகடு. அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் வெள்ளிச் சட்டம். விளிம்பில் சீரான வரிகள். முன்பக்கக் கீழ்க்கையில் 1939, பின்பக்கக் கீழ்க்கையில் 1813. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் இரும்புச் சிலுவையை முதலில் ஏற்படுத்திய ஆண்டு அது. சட்டத்தில் 800 என்ற வெள்ளி முத்திரை இருக்கும். பொதுவாகக் காந்தம் நடுத்தகட்டை இழுக்கும், சட்டத்தை இழுக்காது. நடுவில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலை இருந்தால் அது 1957ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மன் அரசு இயற்றிய சட்டத்துக்குப் பிறகு, பழைய வீரர்கள் அணிந்துகொள்வதற்காகச் செய்த மாற்று வடிவம். அதைப் போர்க்காலப் பொருள் என்று விற்பவரிடம் பேச்சே வேண்டாம்.

இனி முதல் கேள்வி. அப்படி எழுதினால் தவறாகிவிடும். நைட்ஸ் கிராஸ் லுக்குக்குக் கிடைத்த நாள் 1944 ஆகஸ்ட் 8. அப்போது அவர் வேவுப்படையிலேயே இல்லை. 21ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷனில் 125ஆவது பான்சர் கிரனடியர் (டாங்கிகளோடு செல்லும் காலாட்படை) ரெஜிமென்ட்டின் தளபதி. அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 18 அன்று, பிரான்சின் நார்மண்டியில் கான் நகருக்குக் கிழக்கே பிரிட்டிஷார் 'குட்வுட்' என்ற பெயரில் மூன்று கவச டிவிஷன்களைக் கொண்டு தாக்கினார்கள். அந்தத் தாக்குதலின் பாதையில் நின்றது லுக்கின் படை. பதக்கம் அந்தச் சண்டைக்கானது. பதக்கப் பட்டியலைப் படிக்கும்போது பெயரை விடத் தேதியையும், அந்தத் தேதியில் அவர் வகித்த பொறுப்பையும் முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அவருடைய வேவு வாழ்க்கை அதற்கு முந்தியது. 1911இல் ஃபிளென்ஸ்பர்க்கில் பிறந்தவர். டிரெஸ்டன் காலாட்படைப் பள்ளியில் அவருக்குப் பாடம் எடுத்தவர்களில், பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஜெர்மன் படைத் தளபதியாகப் பேர்பெற்ற ரோமலும் ஒருவர். 1940இல் பிரான்சில் ரோமலின் 7ஆவது பான்சர் டிவிஷனில் வேவுப் பிரிவோடு போனார். 1941இல் அதே டிவிஷனோடு ரஷ்யாவுக்கு. 1942இல் ஆப்பிரிக்காவுக்கு அழைக்கப்பட்டு 3ஆவது வேவு பட்டாலியனின் பொறுப்பை ஏற்றார். லிபியாவின் கசாலா சண்டையில் காயம்பட்டு, குணமாகித் திரும்பி, எகிப்தின் சீவா பாலைவனச்சோலை பக்கம் தெற்கு முனையைக் காத்தார். இத்தாலிய வெள்ளிப் பதக்கத்துக்கு வேர் தேட வேண்டிய இடம் இந்தக் காலம்தான். ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர்கள் முறைப்படி இத்தாலியத் தலைமையின்கீழ் இருந்தார்கள். அதனால் இத்தாலியப் பதக்கம் ஜெர்மன் மார்பில் ஏறுவது அங்கே அதிசயமில்லை.

மற்றவற்றின் வரிசை விதிப்படி வருவது. இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை இல்லாமல் முதல் வகுப்பு இல்லை. முதல் வகுப்பு இல்லாமல் நைட்ஸ் கிராஸ் இல்லை. முதல் வகுப்புக்கும் நைட்ஸ் கிராஸுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று தோன்றியதால், 1941 செப்டம்பரில் ஜெர்மன் கிராஸைக் கொண்டுவந்தார்கள். அது வலது மார்பில் அணியும் பெரிய நட்சத்திரம். ஒரே ஒரு சாகசத்துக்காக அதைத் தருவதில்லை. திரும்பத் திரும்பக் காட்டிய துணிவுக்குத் தருவது. ஆகவே "இந்த நாளில் இந்தச் செயலுக்காக ஜெர்மன் கிராஸ்" என்று எங்காவது படித்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

வேவுப்படைக்காரர்கள் பெற்ற ஓர் அடையாளமும் உண்டு: பான்சர் தாக்குதல் சின்னத்தின் வெண்கல வகை. டாங்கிக்காரர்களுக்கு வெள்ளி நிறம். கவச வேவு வண்டிகளில் இருந்தவர்களுக்கும், பான்சர் டிவிஷன்களின் காலாட்படையினர் போன்றவர்களுக்கும் வெண்கலம். 1941-42 குளிர்காலத்தில் ரஷ்யாவில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கத்தைச் சிப்பாய்களே 'உறைந்த இறைச்சிப் பதக்கம்' என்று கேலி செய்தார்கள். அந்த நகைச்சுவையை உங்கள் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வேவு பார்ப்பவனுக்கு உயர்ந்த பதக்கம் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். பார்த்துவிட்டு, சுடாமல், வானொலியில் சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் அவனுடைய நல்ல வேலை. அதற்கு யார் பரிந்துரை எழுதுவார்கள்? வேவுப் பிரிவிலிருந்து நைட்ஸ் கிராஸ் வாங்கியவர்களில் பேர்பெற்றவர்கள் எதையாவது கைப்பற்றியவர்களாக இருப்பதைக் காண்பீர்கள். எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) மோட்டார் சைக்கிள் படையின் ஃபிரிட்ஸ் கிளிங்கென்பர்க் 1941 ஏப்ரல் 12 அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு டான்யூபைப் படகில் கடந்து பெல்கிரேடு நகரைச் சரணடைய வைத்தார். அடுத்த மாதமே நைட்ஸ் கிராஸ். எஸ்எஸ் வேவு பட்டாலியன் தளபதி கர்ட் மேயர் கிரேக்கத்தின் கிளிசூரா கணவாயைப் பிடித்தார். அவருக்கும் அதே மே மாதம்.

மேயரின் பெயரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் பிறகு நைட்ஸ் கிராஸின் மேல்நிலைகளான ஓக் இலையும், 1944 ஆகஸ்டில் வாளும் பெற்றார். அந்த ஜூனில் நார்மண்டியின் ஆர்டென் மடத்தில், அவருடைய ரெஜிமென்ட்டின் தலைமையகத்திலேயே, கனடியப் போர்க்கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். 1945 டிசம்பரில் ஜெர்மனியின் ஆவ்ரிக் நகரில் கனடிய ராணுவ நீதிமன்றம் மேயருக்கு மரண தண்டனை விதித்தது; அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1954இல் விடுதலையானார். பதக்கப் பட்டியலில் இதில் ஒரு வரியும் இருக்காது. பதக்கத்தை மட்டும் பார்த்து 'மாவீரர்' என்று தலைப்பு வைக்கும் பழக்கம் நம் பத்திரிகைகளிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

லுக் விஷயத்திலும் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குட்வுட் சண்டையின்போது, கான் அருகிலுள்ள காஞி (Cagny) கிராமத்தில் ஜெர்மன் விமானப்படையின் 88 மி.மீ. பீரங்கி அதிகாரியிடம் கைத்துப்பாக்கியைக் காட்டி, டாங்கிகளைச் சுட வைத்ததாக அவர் சொல்வது மிகப் புகழ்பெற்ற கதை. பின்னாளில் வான்வழிப் புகைப்படங்களை ஆராய்ந்தவர்கள் அந்தப் பீரங்கிகள் அங்கே இருந்தனவா என்றே கேட்டார்கள். 'லுக் சொல்வதன்படி' என்று இரண்டு சொல் சேர்த்தால் உங்கள் கட்டுரை தப்பித்துக்கொள்ளும்.

ஆவணம் வேண்டுமென்றால் ஃபிரைபுர்கில் உள்ள ஜெர்மன் கூட்டரசு ஆவணக்காப்பகத்தின் ராணுவப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, படைப்பிரிவு மூன்றையும் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால் கட்டுரைக்குக் கெடு வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.