சுந்தராம்பாள் எங்கே ஒதுங்கினார்?

கேள்வி: பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாளின் நீண்ட கலைவாழ்வு என்று போன இதழில் எழுதினீர்கள். கணவர், நாடக நடிகர் கிட்டப்பா இறந்ததும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டவர்தானே அவர்?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஒதுங்கிவிட்டவர்! இந்தச் சொல்லை எங்கே எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கலியாண வீடுகளில்தான். புருஷனை இழந்த பெண்ணைப் பொன்னுருக்கலுக்கு, அதுதான் தாலிக்குப் பொன் உருக்கும் சடங்குக்கு, வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆரத்தி எடுக்கிற நேரம் "கொஞ்சம் ஒதுங்கி நில் பிள்ளை" என்பார்கள். 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனை பெண்களின் காதில் விழுந்த சொல் அது! கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு காத்தவராயன் கூத்து. கூத்துப் பழக்கிய பழைய அண்ணாவியார் காலமாகி இரண்டு வருஷம். விளக்கேற்ற வெளியூர்ப் பிரமுகர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணாவியாரின் மனைவி பந்தலின் கடைசிக் காலோடு, கச்சான் விற்பவருக்குப் பக்கத்தில் இருந்தார். நடுச்சாமத்தில் கதாநாயகி ஆரியமாலைக்கு ஆடிய பெடியனுக்கு வரி தடுக்கியது. அந்த அம்மா இருந்த இடத்திலேயே பாட்டை எடுத்துக் கொடுத்தார். பெடியன் பிடித்துக்கொண்டான். அடுத்த அடிக்கும் அவன் பார்த்தது அந்த அம்மாவைத்தான், தாளம் போட்ட புது அண்ணாவியாரை அல்ல. விளக்கை யார் கையில் கொடுத்திருக்கவேண்டும்? அன்றைக்கே நிர்வாகத்திடம் கேட்டேன். இன்றைக்கும் அவர்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

சுந்தராம்பாளுக்கு வருகிறேன். கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கியதே இலங்கை மேடையில்தான். 1933 டிசெம்பரில் கிட்டப்பா போனபோது இவருக்கு வயது 25. இனி எந்த ஆணோடும் சோடியாக நடிப்பதில்லை என்றார், அவ்வளவுதான். பாட்டை விடவில்லை. 1935இல் நந்தனார் படத்தில் நந்தனாராகவே வந்தார், ஆண் வேஷத்தில், அந்தக் காலத்து ஒரு லட்சம் ரூபா சம்பளத்துக்கு. 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர். 1953இல் ஔவையார் படம். 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வாசலில் பொங்கி, கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த சனத்துக்குக் கவுந்தி யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை. கண்ணகியை மதுரை வரை கூட்டிப்போன துறவி. துணைவன் படத்தில் பாடியதற்குத் தேசிய விருது கிடைத்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைய நீறுமாக முன்னுக்கு நின்றே பாடினார்.

மைக் இல்லாத மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை அது. கூத்துக் களரியில் எதையாவது ஒதுக்கத்தான் வேண்டுமென்றால் அந்தச் சவுண்ட் பொக்ஸை ஒதுக்குங்கள். உடுக்குச் சத்தம் காதில் விழுந்து எவ்வளவு காலம்!

இந்த வருஷமும் முத்தையன்கட்டில் கூத்து இருக்கிறது. முதல் திரியை அந்த அம்மா ஏற்றவேண்டும் என்று திரும்பவும் கேட்கப்போகிறேன். ஒட்டுசுட்டானிலிருந்து கிட்டத்தானே, நீங்களும் வந்து என்னோடு நின்று கேளுங்கள்.