பாதி விலை ஃபைபர் டிரம்: வாங்கலாமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேபிள், இன்டர்நெட் இணைப்பு நடத்தும் வாசகர் கேட்கிறார்: "என் ஷெட்டில் ஏழு வருடமாக ஒரு ஃபைபர் டிரம், அதாவது கண்ணாடி இழைக் கேபிள் சுற்றிய உருளை, கிடக்கிறது. வயசானால் கண்ணாடிக்குப் பலம் போய்விடும் என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு புரோக்கர் ஓடிடிஆர் (இழைக்குள் வெளிச்சம் விட்டுச் சோதிக்கும் கருவி) ரிப்போர்ட்டைக் காட்டி, 'பழைய ஸ்டாக்' டிரம்மைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதை இழுப்பது சார்?"

உங்கள் டிரம்மைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்ணாடி சும்மா கிடந்து கிழடாவதில்லை. அதைக் கெடுப்பது ஈரமும் இழுப்பும் சேர்ந்த கூட்டணி. எந்த இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு. இழை இழுபட்டு நிற்கும்போது ஈரம் கீறலின் நுனியில் புகுந்து அதை மெல்ல நீட்டிக்கொண்டே போகும். கண்ணாடிக்கடையில் கீறிவிட்டுத் தட்டினால் பட்டென்று பிரிகிறதே, அதே சங்கதி வருடக்கணக்கில் நடக்கிறது. டிரம்மில் இழுப்பு மிகக் குறைவு. அதனால் மழையும் பாலக்காட்டு மார்ச் மாத வெயிலும் மேலுறையைத்தான் முதலில் பதம் பார்க்கும். வெளிச்சுற்றில் சில மீட்டரை வெட்டிப் போட்டுவிடுங்கள்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு இழையையும் ஒரு சதவீதம் நீளும்படி இழுத்துச் சோதிப்பார்கள். 125 மைக்ரான் தடிமனுள்ள இழைக்கு அது சுமார் 860 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வருடக்கணக்கில் நிற்கும் இழுப்பு அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பழைய விதி. இழுப்பு இரட்டிப்பானால் ஆயுள் பாதியாகாது, ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். வளைத்தாலும் இதே கதைதான். 30 மில்லிமீட்டர் ஆரத்தில் சுற்றினால் அந்த ஐந்தில் ஒரு பங்கு வந்துவிடும். 'வளைத்தாலும் வெளிச்சம் கடந்து போகும்' என்று விற்கும் புது ரக இழையை 7.5 மில்லிமீட்டருக்கு மடக்கினால் வெளிச்சம் கடந்து போகும்தான், ஆனால் கண்ணாடி சோதனை அளவை நெருங்கி நிற்கும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: தண்ணீர் நின்ற ஜாயின்ட் பாக்ஸ், அதாவது இழைகளை ஒட்டிச் சேர்க்கும் பெட்டி. இழுப்பே இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறிய இழையின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும். சிமெண்ட் கலந்து காரமேறிய தண்ணீர் என்றால் இன்னும் வேகம். சூடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். பாக்ஸைத் திறந்து, துடைத்து, மூடியை இறுக்கிவிட்டு வந்துவிடுவோம். போன பலம் துடைத்தால் திரும்பாது. ஊறிய நீளத்தை வெட்டிவிட்டுப் புது இழையை ஜாயின்ட் செய்யுங்கள்.

சரி, புரோக்கர். ஓடிடிஆர் காட்டுவது வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும்தான். நாளைக்கு அறுந்துபோகப் போகிற இழையும் இன்றைக்கு அதில் அழகான நேர்க்கோடாக வரும். 'பழைய ஸ்டாக்' என்று வருவதில் பாதிக்கு மேல் கம்பத்திலிருந்து கழற்றிச் சுற்றிய கேபிள் என்பது என் சந்தேகம். காற்றில் ஆடி, கிளை விழுந்து இழுபட்ட சரக்கு அது. உறையில் அச்சிட்ட மீட்டர் எண் இடையில் தாவுகிறதா, கிளாம்ப் கடித்த தடம் இருக்கிறதா, டிரம்மின் சீட்டு கிழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்ப வாடகை பில் மட்டும் தவறாமல் வந்துவிடும். அந்தக் கம்பத்தில் தொங்குவது புதுசா, கழற்றியதா என்று கேட்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.  யாரிடம் சொல்ல?

இரண்டு டிரம்முக்கும் இதையே செய்யுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, இரண்டு மீட்டர் வெட்டி, இழையை வெளியே எடுங்கள். ஸ்ட்ரிப்பரில் (பூச்சை உரிக்கும் கருவி) இழையின் மேல்பூச்சு குழாய்போல் கழன்று வரவேண்டும். பொடியாக உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ அந்தச் சரக்கு வேண்டாம். பூச்சோடு இருக்கும் இழையைப் பென்சிலில் ஒரு சுற்று சுற்றுங்கள். நல்ல இழை அதைத் தாங்கும். பத்து இடத்தில் சுற்றி ஒரு இடத்தில் அறுந்தாலும் விட்டுவிடுங்கள். அறுந்த துண்டுகளை டேப்பில் ஒட்டிப் போடுங்கள், காலில் குத்தினால் எடுப்பது பெரும்பாடு. வெட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று புரோக்கர் சொன்னால், டிரம் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகட்டும்.