சோற்றைக் குற்றம் சொல்வதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்
பதிலளிப்பவர்: திருகோணமலையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரத் தாதி

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு வயது 38. கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கிறேன். உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 74 கிலோ. காலையில் ஒரு தேநீரோடு ஓடிவிடுவேன். மதியம் கொஞ்சம் சோறு, இரவில் பாண் அல்லது புட்டு. கணவர் சாப்பிடுவதில் பாதிகூட நான் சாப்பிடுவதில்லை. ஆனாலும் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எடை ஏறிக்கொண்டே போகிறது. சோற்றை அடியோடு நிறுத்திவிடவா? இல்லாவிட்டால் தைரொயிட் கோளாறாக இருக்குமா?
— உவர்மலை வாசகி

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் முழுமையாக நம்புகிறேன். "ஒளித்துச் சாப்பிடுகிறாய்" என்று வீட்டார் சொன்னதைத் தாங்க முடியாமல் கிளினிக்கில் கண்கலங்கிய பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சு அநியாயமானது. எடை ஏறுவது ஒழுக்கக் குறைவு அல்ல.

உங்கள் கடிதத்தில் மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது. பத்து மணியும் நாலு மணியும் இல்லை. கந்தோர்களில் அந்த நேரங்களில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பத்து மணிக்குப் பால் தேநீர், கூடவே ஒரு ரோல்ஸ் அல்லது பற்றிஸ். காலையில் வெறும் வயிற்றோடு வந்தவருக்கு அந்த நேரத்தில் ஒன்றோடு நிறுத்த முடியாது; நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நாலு மணிக்கு மறுபடி தேநீர், பிஸ்கட். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். இவை எதுவும் "சாப்பாடு" என்ற கணக்கில் வருவதில்லை.

சீனியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 5 கிராம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 50 கிராம், அதாவது 200 கலோரி. சேர்க்கப்படும் சீனி ஒரு நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் சொன்னது. பிஸ்கட்டைக் கணக்கில் எடுக்காமலே, தேநீர் மட்டும் உங்களை அதன் இரண்டு மடங்குக்குக் கொண்டுபோகிறது. ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். இந்தக் கிழமை ஒவ்வொரு தேநீரிலும் அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகியதும் இன்னொரு அரை.

சோறு உங்கள் எதிரி அல்ல. மதியம் "கொஞ்சம் சோறு" சாப்பிடுகிறீர்கள் என்றால், அதோடு என்ன சாப்பிடுகிறீர்கள்? தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, மீதிக் கால்வாசி சோறு என்று வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது: சோறு மலையாகவும் வல்லாரைச் சம்பல் ஒரு ஓரத்திலும் கிடக்கும். தம்பலகாமத்து வயல் அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நம்முடைய அம்மாமாரும் அம்மம்மாமாரும். அவர்கள் தவிடு முழுதாக நீங்காத அரிசியைச் சாப்பிட்டார்கள். அதை இடிக்கவும் புடைக்கவும் அவர்களே பாடுபட்டார்கள். சிவப்பரிசிக்கு மாற முடியுமானால் மாறுங்கள், பசி நின்று தாங்கும்.

எனக்குச் சோற்றைவிடப் பயம் கோதுமை மாவில்தான். சீனன்குடாவில் மா ஆலை வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கப்பலில் வரும் கோதுமை நம் கண்முன்னே மாவாகி நாடு முழுவதும் போகிறது. காலையில் பாண், பத்து மணிக்கு ரோல்ஸ், பின்னேரம் பிஸ்கட், இரவு கோதுமை மாப் புட்டு அல்லது கடைப் பராட்டா என்று நாள் முழுவதும் அதே வெள்ளை மா வெவ்வேறு உடுப்பில் வந்து நிற்கிறது. நார்ச்சத்து நீங்கிய மா விரைவில் செரித்துவிடுகிறது, சீக்கிரம் மறுபடி பசிக்கிறது. இரவில் அரிசிமா அல்லது குரக்கன் புட்டு, கூடவே ஒரு கறி, ஒரு கீரை என்று செய்ய முடிந்தால் செய்யுங்கள். காலையில் முதல்நாள் அவித்து வைத்த கடலையோ ஒரு முட்டையோ போதும். ஆனால் எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். லண்டன் மாநகரின் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளுக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. பிறகு சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவைக்கூட எடுத்துப் பார்த்தார்கள். சாரதிகளின் இடுப்புத்தான் பெரிது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதற்கு அடுத்தது: பருமனான கண்டக்டர்களுக்கும்கூட, உட்கார்ந்தே இருந்தவர்களைவிட ஆபத்து குறைவாக இருந்தது. எடை இறங்காவிட்டாலும் நடப்பது வீண்போகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கந்தோரில் கோப்பு எடுக்க வேண்டுமானால் நீங்களே எழுந்து போங்கள். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடவுங்கள். வேலை செய்யும் தசை இரத்தத்தில் ஏறும் சீனியை இழுத்துக்கொள்ளும். உவர்மலையிலிருந்து கந்தோருக்கு ஓட்டோவில்தான் போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். காலை வெயிலில் வியர்த்துப்போய் வேலையில் உட்கார முடியாது என்றால், திரும்பி வரும்போதாவது நடந்து வாருங்கள்.

நீங்கள் எழுதிய உயரத்துக்கும் எடைக்கும் உடற்திணிவுச் சுட்டி (BMI, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) ஏறக்குறைய 31. ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளே சேரும் குணம் அதிகம் என்பதால், ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. ஆகவே தராசைவிட அளவு நாடாவை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. நம்மவரில் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90உம் எல்லை.

தைரொயிட் சந்தேகம் வந்தால் பார்த்துவிடுவது நல்லது. களைப்பு, முடி உதிர்வு, மாதவிடாய் ஒழுங்கின்மை, குளிர் தாங்காமை இருந்தால் தாமதிக்க வேண்டாம். உங்கள் வயதில் அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் சீனி, பிரஷர், எடை, இடுப்பளவு எல்லாம் பணமில்லாமல் பார்க்கலாம். வருத்தம் வந்த பிறகு போவதற்கான இடம் அல்ல அது, இப்போதே போகலாம். எடையை மளமளவென்று இறக்க நினைக்காதீர்கள். 74 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே பிரஷரும் சீனியும் நல்ல பக்கம் திரும்பும்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பாடசாலை விட்டதும் டியூஷன், அது முடிந்தால் போன். சொந்தக்காரர்கள் "குண்டன்" என்றே கூப்பிடுகிறார்கள். டயட்டில் போடலாமா?
— கிண்ணியாத் தாய்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பெயரை நிறுத்துங்கள். விருந்துக்கு வரும் பெரியவர் என்றாலும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கேலி கேட்டு ஒரு பிள்ளையும் மெலிவதில்லை. தனியே போயிருந்து கூடுதலாகச் சாப்பிடப் பழகுகிறது. பிறகு மைதானத்துக்குப் போகவும் கூச்சப்படுகிறது.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. எடை இன்னும் ஏறாமல் பார்த்துக்கொண்டால், உயரம் கூடக் கூட உடம்பு தானாகச் சீராகும். பாதியளவு மருத்துவம் அவ்வளவுதான். மற்றப் பாதி விளையாட்டு. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்கு ஒரு மணிநேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. உங்கள் மகனின் நாளில் அந்த ஒரு மணிநேரம் எங்கே இருக்கிறது? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கணிதத்துக்கு ஒரு டியூஷன், விஞ்ஞானத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இன்னொன்று. சனி, ஞாயிறும் அதே வாங்கு. 2022இல் உலகில் 5 முதல் 19 வயது வரையான 39 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தார்கள். அத்தனை பிள்ளைகளும் சோம்பேறிகளா? நாம்தான் அவர்களை உட்கார வைத்திருக்கிறோம். ஒரு டியூஷனை நிறுத்துங்கள். அசர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையிலான நேரத்தைப் பந்துக்கு விட்டுவிடுங்கள். வகுப்புக்குச் சைக்கிளில் போகக்கூடிய பாதுகாப்பான பாதை இருந்தால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகாதீர்கள்.

கைச்செலவுக் காசு எங்கே போகிறது என்றும் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு ஏற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் போட வேண்டும். போத்தலைத் திருப்பி அந்த வட்டத்தைத் தேட மகனுக்கே பழக்குங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கண்டுபிடிப்பதில் ஆசை. வீட்டில் உங்கள் ஊர் எருமைத் தயிர் இருக்கிறது. சீனியும் பாணியும் போடாமல், வாழைப்பழம் பிசைந்து கொடுங்கள். போனைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுக்க வேண்டுமானால், உங்கள் போனையும் அவருடைய வாப்பாவின் போனையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

கேள்வி: ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் மூலிகைத் தூளை வட்ஸ்அப்பில் விற்கிறார்கள். வாங்கலாமா?
— பாலையூற்று

பதில்: வேண்டாம். இப்படி விற்கப்படும் தூள்களில் பேதி மருந்து கலந்திருப்பது உண்டு. வயிற்றால் போய் நீர் இறங்கும், தராசு ஏமாற்றும், கொழுப்பு அப்படியே இருக்கும். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதப்படாத எதையும் விழுங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது. முன்பு கரைவலை இழுத்தேன். இப்போது தொழிலை மகன்மார் பார்க்கிறார்கள். வயிறு முன்னுக்கு வந்துவிட்டது, முழங்காலும் நோகிறது. வயதானால் இதெல்லாம் வருவதுதானே?
— திருக்கடலூர்

பதில்: ஐயா, வயது ஓரளவுக்குக் காரணம்தான். தசை வயதோடு குறைகிறது. ஆனால் நீங்கள் வலையைக் கொடுத்தீர்கள், தட்டைக் கொடுக்கவில்லை. விடியற்காலையில் கடலில் நனைந்து கயிறு இழுத்த உடம்புக்கு அளந்த சோறு, இன்று வாடியில் கதிரையில் இருக்கும் உடம்புக்கும் வருகிறது. பிள்ளைகள் பாசத்தில் போடுகிறார்கள், நீங்களும் பழக்கத்தில் சாப்பிடுகிறீர்கள். இரண்டு அகப்பை என்றால் ஒன்றாக்குங்கள்.

மீனைக் குறைக்க வேண்டாம். சூடை, சாளை, கீரி போன்ற சின்ன மீன்கள் மிக நல்லவை. பொரிக்காமல் கறியாகவோ அவியலாகவோ எடுங்கள். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி இருக்கிறது, மாச்சத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் இருந்தால் அதை அரிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு ஒரு நல்ல செய்தி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் மூட்டில் ஏறும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. மெல்ல நடவுங்கள், மென்மணலில் அல்ல, அலை நனைத்து இறுகிய கரையில். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் நோவோ வந்தால் நின்றுவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சலரோகக் குளிசை எடுப்பவராக இருந்தால், சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது. சாப்பாட்டின் அளவை மாற்றும் முன் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கேள்வி: நடக்க ஆசைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வீதியில் வேகமாக நடந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள். விடியற்காலையில் நாய்த்தொல்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே தலைகாட்டவும் முடியாது. வீட்டு வேலை செய்வது போதாதா?
— சாம்பல்தீவு வாசகி

பதில்: வீட்டு வேலையும் உடல் உழைப்புத்தான். தண்ணீர் அள்ளுவது, முற்றம் கூட்டுவது, துணி துவைப்பது எல்லாம் கணக்கில் சேரும், மூச்சு சற்று வாங்குகிற அளவுக்குச் செய்தால். பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடம் என்பதே அடிப்படை. அதைப் பத்துப் பத்து நிமிடமாகவும் சேர்க்கலாம். ஆனால் துவைக்கும் இயந்திரமும் அரைக்கும் இயந்திரமும் வந்த வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பதுதான். அது போதாது.

தனியாகப் போகாதீர்கள். அயலில் இரண்டு மூன்று பெண்களைச் சேருங்கள். ஒருத்தி போனால் ஊர் பார்க்கும். நாலுபேர் சேர்ந்து போனால் சில நாளில் ஊருக்குப் பழகிவிடும். நாய்க்கும் அதுதான் பாதுகாப்பு. பட்டணத்துக்கு வரும் நாட்களில் கோட்டை வாசலில் இறங்கி, கோணேசர் கோயில் வரை ஏறி நடந்து போங்கள். மான் மேயும் அந்த வீதியில் நிழல் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் பெண்ணை ஒருவரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கச்சான் அடிக்கும் காலத்தில் வெயில் ஏறுமுன் வளவுக்குள்ளேயே நடவுங்கள்; கிணற்றடியிலிருந்து படலை வரை போய்ப் போய்த் திரும்பினாலும் நடைதான்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். விடிய அரைமணி நேரம் நீங்கள் வெளியே போனால் அடுப்பை யார் மூட்டுவது? பிள்ளைகளை யார் எழுப்புவது? கிளினிக்கில் "நேரமில்லை மிஸ்ஸி" என்று சொன்ன பெண்களிடம் தோண்டிக் கேட்டபோதெல்லாம் வந்த பதில் இதுதான். அந்த அரைமணியைக் கணவர் பொறுப்பெடுக்க வேண்டும். கேட்பதற்குத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.