‘டிஸ்கஷன் அபௌட்’ சரி, ‘டிஸ்கஸ் அபௌட்’ ஏன் தப்பு? – கேள்வி பதில்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும், ‘இன்’, ‘ஆன்’, ‘ஆஃப்’ போன்ற ப்ரெபொசிஷனும் சேரும் இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். அது பிடிபட்டால் மற்றவை பாதி எளிதாகிவிடும்.

கேள்வி: சார், ‘வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி பிராஜெக்ட்’ என்று எழுதினேன். ‘அபௌட்’ வரக்கூடாது என்று அடித்துவிட்டார்கள். ஆனால் ‘எ டிஸ்கஷன் அபௌட் தி பிராஜெக்ட்’ சரியாம். இரண்டும் ஒரே விஷயம்தானே?

பதில்: விஷயம் ஒன்றுதான், சொல்லின் வகை வேறு. ‘டிஸ்கஸ்’ வினை. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட வினை தன் செயப்படுபொருளை நேராக ஏற்றுக்கொள்ளும், நடுவில் எதுவும் தேவையில்லை. ‘டிஸ்கஷன்’ பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லால் இன்னொரு பெயரை அப்படி நேராக ஏற்க முடியாது. ‘டிஸ்கஷன் தி பிராஜெக்ட்’ என்றால் இரண்டு சொற்களும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். இணைக்க ஒரு ப்ரெபொசிஷன் வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. தமிழிலும் இதேதான் நடக்கிறது. ‘நகரத்தைத் தாக்கினார்கள்’ என்கிறோம். அந்த வினையைப் பெயராக்கினால் ‘நகரத்தைத் தாக்குதல் நேற்று நடந்தது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘நகரத்தின் மீதான தாக்குதல்’ என்போம். ‘ஐ’ உருபு போய் ‘மீதான’ வந்துவிட்டது. ‘அவரை நம்புகிறேன்’, ஆனால் ‘அவர் மேல் நம்பிக்கை’. ‘அவரை விமர்சித்தார்கள்’, ஆனால் ‘அவர் மீதான விமர்சனம்’. ஆங்கிலமும் இப்படித்தான்: ‘அட்டாக் தி சிட்டி’, ஆனால் ‘தி அட்டாக் ஆன் தி சிட்டி’. ‘ட்ரஸ்ட் ஹிம்’, ஆனால் ‘ட்ரஸ்ட் இன் ஹிம்’.

இந்த ஜோடிகளைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ‘விசிட் தி மியூசியம்’, ‘எ விசிட் டு தி மியூசியம்’. ‘ஆன்சர் தி கொஸ்டின்’, ‘தி ஆன்சர் டு தி கொஸ்டின்’. ‘எம்ஃபசைஸ் திஸ் பாயிண்ட்’, ‘எம்ஃபசிஸ் ஆன் திஸ் பாயிண்ட்’. ‘ரிக்வெஸ்ட் ஹெல்ப்’, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் ஹெல்ப்’. ‘ரிசெம்பிள் ஹெர் மதர்’, ‘எ ரிசெம்ப்ளன்ஸ் டு ஹெர் மதர்’. ‘ஹீ லேக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’, ‘ஹிஸ் லேக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’.

‘டிஸ்கஸ் அபௌட்’, ‘எம்ஃபசைஸ் ஆன்’, ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்றெல்லாம் நம் கை தானாக எழுதிவிடுவதற்குக் காரணமும் இதுதான். பெயர்ச்சொல்லோடு கேட்டுப் பழகிய ப்ரெபொசிஷனை வினைக்கும் மாட்டிவிடுகிறோம். இப்படி எழுதுகிறவருக்கு ஆங்கிலம் வராது என்று சொல்வது அநியாயம். பாதி அமைப்பைச் சரியாகவே பிடித்திருக்கிறார், அதை வைத்த இடம்தான் மாறிவிட்டது.

கேள்வி: ‘ரீசன்’, ‘காஸ்’ இரண்டுக்கும் தமிழில் ‘காரணம்’தான். ஒன்றுக்கு ‘ஃபார்’, மற்றதற்கு ‘ஆஃப்’ என்று படித்தேன். ஆனால் ஒரு கட்டுரையில் ‘காஸ் ஃபார் கன்சர்ன்’ என்று இருந்ததே?

பதில்: நல்ல கண். ஒன்றை உண்டாக்கியது எதுவோ அது ‘காஸ்’: ‘தி காஸ் ஆஃப் தி ஃபயர்’. ஒன்றுக்கு நாம் சொல்லும் விளக்கம் ‘ரீசன்’: ‘தி ரீசன் ஃபார் தி டிலே’. ‘காஸ் ஃபார் கன்சர்ன்’ என்னும்போது எதுவும் எதையும் உண்டாக்கவில்லை, கவலைப்பட நியாயம் இருக்கிறது என்றுதான் பொருள். அதாவது ‘காஸ்’ அங்கே ‘ரீசன்’ என்ற பொருளில் வருகிறது, அதனால் ‘ஃபார்’. ‘காஸ் ஃபார் கம்ப்ளெய்ன்ட்’டும் அப்படியே. ஒரே சொல்லுக்கு இரண்டு ப்ரெபொசிஷன் கண்ணில் பட்டால், அங்கே இரண்டு பொருள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: ‘இன்க்ரீஸ் இன்’ சரியா, ‘இன்க்ரீஸ் ஆஃப்’ சரியா?

பதில்: இரண்டும் சரி. எது கூடியது என்று சொல்ல ‘இன்’, எவ்வளவு கூடியது என்று சொல்ல ‘ஆஃப்’. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைக்கலாம்: ‘அன் இன்க்ரீஸ் ஆஃப் 10 பெர்சென்ட் இன் சேல்ஸ்’. ‘ரைஸ்’, ‘ஃபால்’, ‘ட்ராப்’, ‘டிக்ரீஸ்’, ‘ரிடக்ஷன்’ எல்லாவற்றுக்கும் இதே வழக்கு. வரைபடம் பார்த்து விவரித்து எழுதும் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

‘சேஞ்ச்’ கொஞ்சம் வேறு. ‘எ சேஞ்ச் இன் தி பிளான்’ என்றால் திட்டம் அதேதான், அதில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. ‘எ சேஞ்ச் ஆஃப் பிளான்’ என்றால் பழைய திட்டம் போய் வேறு திட்டம் வந்துவிட்டது. முகவரி மாறினால் ‘சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்’ என்பது அதனால்தான்.

கேள்வி: பெயரடைக்கு வரும் ப்ரெபொசிஷனே அதன் பெயர்ச்சொல்லுக்கும் வரும் என்று நம்பலாமா?

பதில்: நம்ப முடியாது. ‘இன்ட்ரஸ்டெட் இன்’, ‘இன்ட்ரஸ்ட் இன்’ ஒத்துப்போகிறது. ‘டிபெண்டன்ட் ஆன்’, ‘டிபெண்டன்ஸ் ஆன்’ கூட அப்படியே. ஆனால் ‘ப்ரவுட் ஆஃப்’ பெயரானால் ‘ப்ரைட் இன்’. ‘ஃபாண்ட் ஆஃப்’, ‘ஃபாண்ட்னஸ் ஃபார்’. ‘இண்டிபெண்டன்ட் ஆஃப்’, ‘இண்டிபெண்டன்ஸ் ஃப்ரம்’. இவற்றைத் தனித்தனியாகத்தான் பழக வேண்டும்.

கேள்வி: சார், ‘டு’ வந்தால் அடுத்து வினையின் மூல வடிவம்தானே வரும்? ‘ஆப்ஜெக்ஷன் டு பேயிங்’ என்று போட்டிருக்கிறார்களே, அச்சுப்பிழையா?

பதில்: அச்சுப்பிழை இல்லை. ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு வேலை செய்கிறது. ‘அபிலிட்டி டு ரீட்’டில் அது வினையோடு சேர்ந்தது. ‘ஆப்ஜெக்ஷன் டு’வில் அது முழுமையான ப்ரெபொசிஷன், அதற்கு அடுத்து பெயர்தான் வர முடியும். வினையைக் கொண்டுவந்தால் ‘இங்’ சேர்த்துப் பெயராக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

எது எது என்று கண்டுபிடிக்க, ‘டு’வுக்குப் பிறகு ‘திஸ்’ போட்டுப் பாருங்கள். ‘ஆப்ஜெக்ஷன் டு திஸ்’ ஒழுங்காக நிற்கிறது, அதனால் ‘இங்’. ‘அபிலிட்டி டு திஸ்’ நிற்கவில்லை, அதனால் மூல வினை. ‘கீ டு’, ‘அப்ரோச் டு’ முதல் வகை. ‘டிசிஷன் டு’, ‘அட்டெம்ப்ட் டு’ இரண்டாம் வகை.

கேள்வி: ‘ஆன் டைம்’, ‘இன் டைம்’?

பதில்: குறித்த நேரத்துக்குச் சரியாக வந்தால் ‘ஆன் டைம்’. காரியம் கைமீறுவதற்குள் வந்தால் ‘இன் டைம்’. ரயில் ‘ஆன் டைம்’ வரும், அதைப் பிடிக்க நீங்கள் ‘இன் டைம்’ போக வேண்டும்.

கேள்வி: ‘வித் ரிகார்ட்ஸ் டு’ என்று மின்னஞ்சலில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். ‘வித் ரிகார்ட் டு’ என்று ‘ஸ்’ இல்லாமல் எழுதுங்கள். ‘ரிகார்ட்ஸ்’ என்பது கடிதத்தின் முடிவில் சொல்லும் வாழ்த்து.

கேள்வி: மொழிபெயர்ப்பு செய்கிறேன். ‘தி கிரிட்டிசிசம் ஆஃப் தி டீச்சர்ஸ்’: ஆசிரியர்கள் விமர்சித்தார்களா, அவர்களை யாராவது விமர்சித்தார்களா?

பதில்: அந்தத் தொடரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ‘ஆஃப்’ செய்தவரையும் குறிக்கும், செயலுக்கு ஆளானவரையும் குறிக்கும். முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தமிழில் ‘ஆசிரியர்களின் விமர்சனம்’ என்று எழுதினால் விமர்சித்தவர்கள் ஆசிரியர்கள் என்று உறுதியாகிவிடும், ‘ஆசிரியர்கள் மீதான விமர்சனம்’ என்றால் நேர்மாறு. ஆகவே ‘ஆஃப்’ஐக் கண்டவுடன் தமிழின் ‘இன்’ உருபைப் போட்டுவிடாதீர்கள். நீங்களே ஆங்கிலத்தில் எழுதுவதானால் ‘பை’ துணைக்கு இருக்கிறது: ‘தி கிரிட்டிசிசம் ஆஃப் தி டீச்சர்ஸ் பை தி பேரண்ட்ஸ்’. யார், யாரை என்பதில் குழப்பமே இராது.

கேள்வி: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள்…

பதில்: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்’ என்பதே சரி. பலரில் ஒருவர் என்பதால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ பன்மை, வாக்கியம் அந்த ஒருவரைப் பற்றியது என்பதால் ‘இஸ்’ ஒருமை. ப்ரெபொசிஷனுக்கு முன்னால் நிற்கும் பெயர்தான் தலைமை. ‘தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் இஸ் ரெடி’யில் பெயர்கள் எத்தனை இருந்தாலும் பட்டியல் ஒன்றுதான். ‘எ நம்பர் ஆஃப் பீப்பிள் ஆர்’ போன்றவை விலக்கு. அங்கே ‘எ நம்பர் ஆஃப்’ முழுவதும் ‘பல’ என்று பொருள்படுகிறது.

கேள்வி: இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: பட்டியலாக உருப்போடாதீர்கள். புதுச் சொல்லைக் குறித்துக்கொள்ளும்போதே ‘சொல்யூஷன்’ என்று மட்டும் எழுதாமல் ‘எ சொல்யூஷன் டு தி பிராப்ளம்’ என்று தொடராக எழுதுங்கள். அகராதியும் கற்போருக்கானதாக இருக்கட்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி தன் சகாக்களுடன் தொகுத்த அகராதி 1942ல் டோக்கியோவில் வந்தது, 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. சொல்லின் பொருளோடு நிற்காமல், அது வாக்கியத்தில் எப்படி அமர்கிறது என்பதையும் காட்டிய அகராதி அது. இன்று அந்த வகை அகராதிகளில் ‘எம்ஃபசிஸ்’ என்ற சொல்லைத் தேடினால் பக்கத்திலேயே ‘ஆன்’ தடித்த எழுத்தில் இருக்கும். பலர் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

பொருளால் சேரும் சிறு குழுக்களும் கைகொடுக்கும். நம்பிக்கை சார்ந்தவை ‘இன்’ கேட்கும்: பிலீஃப், ட்ரஸ்ட், ஃபெய்த், கான்ஃபிடன்ஸ். தேவையும் விருப்பமும் ‘ஃபார்’: நீட், டிமாண்ட், டிசைர், ரிக்வெஸ்ட். ஒன்றின் மேல் விழுபவை ‘ஆன்’: எஃபெக்ட், இம்பேக்ட், டாக்ஸ், பேன். ஆனால் சேதம், ஆபத்து என்று வந்தால் ‘டு’: டேமேஜ், ஹார்ம், இஞ்சுரி, த்ரெட். ‘டேமேஜ் ஆன்’ என்று எழுதாதீர்கள்.

கேள்வி: ‘இன்ட்ரஸ்ட் அண்ட் நாலெட்ஜ் ஆஃப் தி சப்ஜெக்ட்’. இதில் என்ன தவறு?

பதில்: ‘இன்ட்ரஸ்ட்’க்கு உரிய ‘இன்’ காணாமல் போய்விட்டது. ‘நாலெட்ஜ்’ கேட்கும் ‘ஆஃப்’ அதற்குப் பொருந்தாது. ‘இன்ட்ரஸ்ட் இன் அண்ட் நாலெட்ஜ் ஆஃப் தி சப்ஜெக்ட்’ என்று எழுதுங்கள். காதுக்கு முட்டுகிறது என்றால் ‘இன்ட்ரஸ்ட் இன் தி சப்ஜெக்ட் அண்ட் நாலெட்ஜ் ஆஃப் இட்’ என்று பிரித்துவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இரண்டு பெயருக்கும் ஒரே ப்ரெபொசிஷன் என்றால் இந்தப் பாடே இல்லை: ‘தி நீட் அண்ட் டிமாண்ட் ஃபார் வாட்டர்’ தாராளமாக எழுதலாம்.