பிடி-எல்1 60 சதவீதம்: அந்த எண் எதைச் சொல்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா, நான்காம் நிலை. பயாப்சி ரிப்போர்ட்டில் 'பிடி-எல்1 (22சி3), டிபிஎஸ் 60%' என்று இருக்கிறது. கீமோ இல்லாமல் இம்யூனோதெரபி மட்டும் கொடுக்கலாம் என்கிறார்கள். 60 என்றால் நோய் அவ்வளவு பரவிவிட்டதா? செலவும் மிக அதிகம். முடிவெடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: நோய்ப் பரவலுக்கும் இந்த 60-க்கும் சம்பந்தமில்லை. கட்டியிலுள்ள உயிருள்ள புற்றுச்செல்களில் நூற்றுக்கு அறுபதின் மேற்சவ்வில் பிடி-எல்1 என்ற புரதம் தெரிந்தது, அவ்வளவுதான். அது மேற்சவ்வில் இருப்பது ஏன் முக்கியம் என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல் ஒன்று இன்னொரு செல்லை ஒட்டி நின்று சோதிக்கும்போது இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே ஏறத்தாழ 15 நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். எதிர்ச் செல்லின் எச்எல்ஏ புரதம் ஏந்திக் காட்டும் புரதத் துண்டை டி செல்லின் ஏற்பி அங்கே தொட்டுப் பார்க்கும். அந்நியம் என்று பட்டால் தாக்கத் தொடங்கும். அதே இடத்தில் டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற புரதம் எதிர்ச் செல்லின் பிடி-எல்1-உடன் கோத்துக்கொண்டால், பிடி-1-இன் உட்புற வாலில் எஸ்எச்பி-2 என்ற நொதி வந்து ஒட்டி, ஏற்பியும் சிடி28 புரதமும் உள்ளே அனுப்பும் சமிக்ஞையை அணைத்துவிடும். சொந்தத் திசுக்களைக் காக்க உடல் வைத்திருக்கும் பிரேக் இது. அதைத்தான் கட்டி மிதிக்கிறது. பிடி-1-ஐ 1992-இல் அறிவித்தது கியோட்டோவில் தாசுகு ஹோஞ்சோவின் குழு. 2018-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிடி-1, பிடி-எல்1 இரண்டும் ஒன்றையொன்று இறுக்கமாகப் பற்றுவதில்லை. இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் என்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் புரதம்) பிடி-1-ஐ அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் பிடி-எல்1-க்கு இடமே கிடைப்பதில்லை. புற்றுச்செல்லை இந்த மருந்து தொடுவதுகூட இல்லை.

இனி ரிப்போர்ட். டிபிஎஸ் என்பது பிடி-எல்1 தெரியும் புற்றுச்செல்களின் சதவீதம். அதைக் கணக்கிட, சாயமேற்றிய திசுவில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுச்செல்களாவது இருக்க வேண்டும். சவ்வில் லேசாக, ஓரளவு மட்டும் நிறமேறியிருந்தாலும் அந்தச் செல் கணக்கில் வரும். செல்லுக்குள் மட்டும் நிறம் தெரிந்தால் வராது. மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களும் பிடி-எல்1 காட்டும். அவற்றைப் புற்றுச்செல் என்று எண்ணிவிட்டால் சதவீதம் பொய்யாக ஏறும். ஃபார்மலினில் 3 மணி நேரத்துக்கும் குறைவாக ஊறிய திசு, அமிலத்தில் கரைத்த எலும்பு பயாப்சி, வெட்டிப் பல மாதம் கிடந்த ஸ்லைடு ஆகியவற்றில் நிறம் மங்கி எண் இறங்கலாம். '22சி3' என்பது சாயமேற்றப் பயன்பட்ட ஆன்டிபாடியின் பெயர். எஸ்பி142 என்ற வேறொரு ஆன்டிபாடியில் அதே கட்டி குறைவாகவே நிறமேறும் என்பதால் இரண்டு லேப்களின் எண்களை ஒப்பிடும் முன் இந்தப் பெயரைப் பாருங்கள். ஒரே ஆளின் நுரையீரல் கட்டியிலும் கல்லீரல் கட்டியிலும் எண் வேறாக வருவதும் உண்டு.

50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் கீமோ இல்லாமல் தொடங்கலாம் என்பதற்கு அடிப்படை கீநோட்-024 ஆய்வு. அதில் 5 ஆண்டு உயிரோடிருந்தவர்கள் பெம்ப்ரோலிசுமாப் பிரிவில் 31.9%, கீமோ பிரிவில் 16.3%. வித்தியாசம் பெரியது, ஆனாலும் எல்லோருக்கும் பலித்த மருந்து அல்ல. கட்டிக்குள் டி செல்களே இல்லாவிட்டால், அல்லது புற்றுச்செல் எச்எல்ஏ-வை இழந்திருந்தால், பிரேக்கை விடுவித்தும் வண்டி நகராது.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இஜிஎஃப்ஆர், ஏஎல்கே (புற்றை வளர்க்கும் மரபணு மாற்றங்கள்) பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? பல கட்டிகளில் பிடி-எல்1 ஏறுவது, டி செல்கள் வந்து தாக்கி இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரப்பதால். இஜிஎஃப்ஆர் மாற்றமுள்ள கட்டியிலோ அந்த மரபணுவே அதை ஏற்றிவிடக்கூடும். டி செல் இல்லாமலே எண் 60 காட்டும், மருந்து பெரும்பாலும் பலிக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு: முதலில் இம்யூனோதெரபி கொடுத்துவிட்டு உடனே இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் கடுமையான நுரையீரல் அழற்சி வரக்கூடும். 'ரிப்போர்ட் அப்புறம் வரும், ஊசியை ஆரம்பிக்கலாம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூச்சுத் திணறல் போல் அவசரம் இருந்தால், முடிவு வரும்வரை கீமோ மட்டும் தொடங்க முடியுமா என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு முடக்குவாதம், லூபஸ் போன்று எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய் இருந்தாலோ, மாற்று உறுப்பு பொருத்தியிருந்தாலோ, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 10 மி.கி.யோ அதற்கு மேலோ எடுத்தாலோ இப்போதே சொல்லுங்கள். தொடங்கும் முன் டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), கல்லீரல் நொதிகள், கிரியாட்டினின், சர்க்கரை பார்த்துவைக்க வேண்டும். பிறகு வரும் மாற்றத்தை இவற்றோடுதான் ஒப்பிட முடியும். பிரேக் விடுபட்ட டி செல்கள் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் என்று எதையும் தாக்கலாம். புதிதாக வரும் இருமலும் மூச்சிரைப்பும், வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு, தணியாத தாகம், நெஞ்சுவலி, தாங்க முடியாத சோர்வு — எதுவானாலும் அன்றே கூப்பிடுங்கள். கடையில் வயிற்றுப்போக்கு மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிப்பது குடல் அழற்சியை மறைத்துவிடும். மருந்தின் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், சுமார் 22 நாள். கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும் இவை வரலாம். எதிர்ப்பு சக்தி கூட்டும் என்று விற்கும் பொடிகளுக்கு பிடி-1, பிடி-எல்1 பிணைப்பில் எந்த வேலையும் இல்லை. அவற்றில் சில கல்லீரல் நொதிகளை ஏற்றிவிட்டால் மருத்துவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

செலவு: வழக்கமான அளவு 3 வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி., அல்லது 6 வாரத்துக்கு ஒருமுறை 400 மி.கி., அதிகபட்சம் 2 ஆண்டு. ஒரு குப்பியில் 100 மி.கி. இருக்கும். தொடக்க ஆய்வுகளில் எடைக் கணக்கில், கிலோவுக்கு 2 மி.கி. கொடுத்தும் பலன் கண்டிருக்கிறார்கள். இன்றும் பல மருத்துவர்கள் அந்தக் கணக்கை ஏற்கிறார்கள். அப்பாவின் எடை 50 கிலோ என்றால் தவணைக்கு இரண்டு குப்பிக்குப் பதில் ஒன்று போதும். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.